மூன்று மாத வாக்குறுதி

மதுவுக்கோ போதைப்பொருளுக்கோ அடிமையான ஒருவர் திருந்த விரும்பினால், வாழ்நாள் முழுவதற்குமான சத்தியத்தையே நாம் அவரிடம் கேட்கிறோம். அயர்லாந்து நாட்டைச் சேர்ந்த வணக்கத்துக்குரிய மாட் டால்பட், 41 ஆண்டுகள் மதுவைத் தொடாமல் வாழ்ந்தவர். ஆனால் அவர் முதலில் கொடுத்தது மூன்று மாதங்களுக்கான வாக்குறுதியே.

1856 மே 2ஆம் திகதி டப்ளின் நகரில், வறிய குடும்பமொன்றின் பன்னிரு பிள்ளைகளில் இரண்டாமவராகப் பிறந்தார். தந்தையும் குடிப்பழக்கம் உடையவரே. 12 வயதில் மது வணிகர்களிடம் வேலைக்குச் சேர்ந்த மாட், அங்கேயே குடிக்கப் பழகிக்கொண்டார். பின்னர் கட்டட வேலையில் செங்கல் சுமந்து உழைத்த கூலியெல்லாம் தவறணைக்கே போயிற்று. பணம் தீர்ந்தால் சப்பாத்தையும் விற்றுக் குடித்தார். தெருவில் வயலின் வாசித்துப் பிழைத்த ஏழை ஒருவரின் வயலினைத் திருடி விற்றுக் குடித்த நாளும் உண்டு.

1884இல் ஒரு சனிக்கிழமை. பல நாட்கள் வேலைக்குப் போகாததால் கையில் காசில்லை. கூலி வாங்கி வரும் நண்பர்கள் குடிக்க அழைப்பார்கள் என்று தவறணையின் அருகே தெருமுனையில் காத்து நின்றார். அவருடைய காசில் பலமுறை குடித்தவர்கள் அவரைக் கடந்து உள்ளே சென்றனர். ஒருவரும் அழைக்கவில்லை. அவர் வீடு திரும்பி, மதுவிலக்கு வாக்குறுதி எடுக்கப்போவதாகத் தாயிடம் கூறினார். காப்பாற்ற எண்ணமில்லையெனில் எடுக்க வேண்டாம் என்று அந்தத் தாய் எச்சரித்தார். மகனை அவர் அறிவார் அல்லவா! அன்றே திருச்சிலுவைக் கல்லூரிக்குச் சென்று பாவசங்கீர்த்தனம் செய்து, மூன்று மாதங்களுக்கு வாக்குறுதி எடுத்தார்.

அந்த மாதங்கள் கொடியவை. உடல் மதுவுக்காகத் தவித்தது. ஒருநாள் மனம் தளர்ந்து தவறணைக்குள் நுழைந்தே விட்டார். பணியாளர்கள் வேலை மும்முரத்தில் அவரைக் கவனிக்காததால் வெளியேறினார். அதன்பின் சட்டைப்பையில் காசு வைத்துக்கொண்டு வெளியே செல்வதையே நிறுத்தினார். அதிகாலை 5 மணித் திருப்பலிக்குச் சென்று வேலைக்குப் போனார். முன்பு குடியில் கழிந்த மாலை வேளைகளை, பழைய நண்பர்கள் தேடி வராத ஆலயங்களில் கழித்தார். தவணை முடிந்ததும் வாக்குறுதியை நீட்டித்தார். அதன் பின்னரே அது வாழ்நாள் முழுவதற்குமானதாயிற்று.

பழைய கடன்களை ஒவ்வொன்றாக அடைத்தார். வயலின்காரரைத் தேடியலைந்தார். அவர் கிடைக்கவேயில்லை, அதற்கென வைத்திருந்த பணத்தை அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கச் செலவிட்டார்.

மரப்பலகையில் உறங்கியமை, உடலில் சங்கிலி அணிந்தமை முதலான அவருடைய கடுந்தவங்களைப் பலர் வியந்து பேசுவர். காசில்லாத அந்தச் சட்டைப்பையே எமக்கு அவற்றிலும் பெரிதாகத் தோன்றுகிறது. தமது பலவீனத்தை அவர் நன்கு அறிந்திருந்தார்.

1925 யூன் 7ஆம் திகதி, மூவொரு இறைவன் பெருவிழாவன்று, திருப்பலிக்குச் செல்லும் வழியில் ஒழுங்கையொன்றில் விழுந்து இறந்தார். அவர் யாரென்று அங்கு நின்றவர்களுக்குத் தெரியவில்லை. 1975இல் பாப்பரசர் ஆறாம் பவுல் அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தார்.

அவரது உடல் 1972 முதல் டப்ளின் லூர்து அன்னை ஆலயத்தில் உள்ளது. 1980களில் ஹெரோயின் பல இளைஞரைப் பலிகொண்ட பகுதி அது. 2018 ஓகஸ்டில் பாப்பரசர் பிரான்சிஸ் அங்கு சென்று, அந்தக் கூலித் தொழிலாளியின் கல்லறை முன் செபித்தார்.