அறியேன் என்பதில் தொடங்கிய கல்வி

கற்றல் எங்கே தொடங்குகின்றது என்று இற்றை நாள் மாணவரைக் கேட்டால், பள்ளியில் என்பார் சிலர்; நூலகத்தில் என்பார் சிலர்; கைபேசித் திரையில் என்பார் பலர். தமிழ்த் தாத்தா உ.வே. சாமிநாதையரின் வாழ்க்கையைக் கற்கும்போது நமக்கு வேறொரு விடை தோன்றுகின்றது. தமக்குத் தெரியாததைத் தெரியாது என ஒருவர் ஒப்புக்கொள்ளும் இடத்தில்தான் உண்மைக் கல்வி தொடங்குகின்றது.

ஐயர் 1855ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19ஆம் நாள் பிறந்தார். தஞ்சைத் தரணியின் உத்தமதானபுரம் அவர்தம் சொந்த ஊர். தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவாணர். மகனின் உள்ளமோ தமிழை நாடிற்று. பாடஞ்சொல்ல வல்லார் எங்குளர் எனத் தேடி ஊர் ஊராகக் குடும்பமே இடம் பெயர்ந்தது. அரியலூர்ச் சடகோபையங்கார், செங்கணம் விருத்தாசல ரெட்டியார் முதலியோரிடம் பாடங்கேட்டபின், மாயூரத்தில் வாழ்ந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அடைந்தார். நாகூர் குலாம் காதிறு நாவலரும் இப்பெருமகனாரிடம் பயின்றவரே. சமய வேறுபாடு கருதாது தமிழ் வழங்கிய கற்பகத்தரு அவர்.

ஆசிரியரைப் பிரியாது உடனிருந்து, அவர் சொல்லச் சொல்ல ஏட்டில் எழுதி, அந்தாதி, பிள்ளைத்தமிழ், கலம்பகம், கோவை, புராணம் என நூல் பல கற்றார் சாமிநாதர். 1876ஆம் ஆண்டு பிள்ளையவர்கள் மறைந்தார்கள். 1880ஆம் ஆண்டு, தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது, அவர் வகித்த கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் பதவி ஐயரை வந்தடைந்தது. அப்பொழுது அவருக்கு வயது ஏறத்தாழ 25. கற்க வேண்டியன அனைத்தும் கற்றாயிற்று என ஓர் இளைஞர் எண்ணினால் வியப்பில்லை.

அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில் அவர், முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். என்னென்ன நூல்கள் கற்றீர் என வினவினார் முதலியார். ஐயர் நீண்டதொரு பட்டியலை ஒப்புவித்தார். முதலியாரின் முகத்தில் வியப்பில்லை. இவற்றிற்கெல்லாம் மூலமான பழைய நூல்களைக் கற்றதுண்டா, சீவக சிந்தாமணியைப் பார்த்ததுண்டா என்று கேட்டார். இல்லை என்றே ஐயர் விடையிறுக்க நேர்ந்தது.

இந்த இடத்தில் நாம் சற்றே நின்று சிந்தித்தல் வேண்டும். முதலியார் நீதித்துறை அலுவலர்; ஐயரோ கல்லூரித் தமிழாசிரியர். அவர்க்கென்ன தெரியும் என ஒதுக்கியிருக்கலாம். பேச்சை வேறு திசைக்குத் திருப்பியிருக்கலாம். அவற்றுள் எதனையும் ஐயர் செய்திலர். நூல் கிடைத்தால் படிப்பேன் என்றார். முதலியார் தந்த கையெழுத்துப் பிரதியைப் பெற்று, அவர்தம் இல்லத்திற்கே சென்று உடனிருந்து படிக்கலானார்.

படித்தால் விளங்கவில்லை. அது சமண காவியம். அச்சமயக் கொள்கைகளோ ஐயர் பயின்ற சைவ நூல்களில் இல்லை. எனவே கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களின் இல்லம் நாடிச் சென்றார். பட்டம் பதவி கருதாமல், அந்நூலை வழிவழியாகப் போற்றிப் படித்துவந்த அன்பர்களிடம் மாணவராய் அமர்ந்து ஐயம் தெளிந்தார். நச்சினார்க்கினியர் உரையில் வரும் மேற்கோள்கள் எந்நூலைச் சார்ந்தவை என அறியப் புகுந்து, சங்க நூல்களின் ஏடுகளுக்குள் நுழைந்தார். ஒரு கேள்வி மற்றொன்றுக்கு வழி திறந்தது. 1887இல் சிந்தாமணி அச்சேறியது. 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும், 1898இல் மணிமேகலையும் தொடர்ந்தன. 1942ஆம் ஆண்டு மறையும்வரை அவர் மாணவராகவே வாழ்ந்தார் எனலாம்.

ஐயரின் வரலாற்றை எழுதும்போது நம் குறை ஒன்றும் நினைவுக்கு வருகின்றது. சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் மாணவி ஒருத்தி ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டாள். நமக்கு அது தெரியாது. அதனைச் சொல்லக் கூசி, தேர்வுக்கு அது வராது எனக் கூறிக் கடந்தோம். அன்றிரவு உறக்கம் வரவில்லை. மறுநாள் அவ்வகுப்பிலேயே, நேற்று நமக்குத் தெரியாதிருந்தது என்பதையும், அகராதியில் கண்ட பொருளையும் சேர்த்துச் சொன்னோம். நம் மதிப்புக் குறையவில்லை. அன்றுமுதல் அவ்வகுப்பில் கேள்விகள் பெருகின.

இன்று ஐயர் பதிப்பித்த நூல்கள் பல இணையத்தில் அமர்ந்த இடத்திலேயே படிக்கக் கிடைக்கின்றன. ஓர் ஏட்டுக்காக அவர் நடந்த தொலைவை எண்ணினால் இது பெரும் பேறு. எனினும், எவரிடமும் தெரியாது எனச் சொல்லாமலே விடை பெறும் வசதியையும் அதே திரை தருகின்றது. விடை கிடைத்ததும் தேடல் நின்றுவிடுகின்றது. ஐயருக்கோ ஒவ்வொரு விடையும் அடுத்த வாயிலைத் திறந்தது.

ஆதலின், மாணவச் செல்வங்களே, திரையில் தேடுங்கள், தவறில்லை. தேடியது விளங்காதபோது ஆசிரியரிடம் வாருங்கள். ஆசிரியருக்கும் தெரியவில்லையெனில், தெரிந்தவர் எச்சமயத்தவராயினும் எத்தொழிலினராயினும் அவர் வாயிலுக்கு இருவரும் சேர்ந்தே செல்வோம். கும்பகோணத்தில் ஓர் இளம் ஆசிரியர் நடந்து காட்டிய வழி அதுவேயன்றோ!