முல்லோயாவிலிருந்து பேராதனை வரை

மலையகத் தொழிற்சங்க வரலாற்றில் முல்லோயா கோவிந்தனின் பெயரை அறியாதவர் இலர். அவரது சாவுக்கு நியாயம் கேட்டு விசாரணை ஆணைக்குழுவின் முன் வாதாடிய சட்டத்தரணியை நம்மவர் அந்த அளவுக்கு நினைவுகூர்வதில்லை. அவர் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா. 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பின் சிற்பி என்றே தமிழ் மக்கள் அவரை அறிவர். அந்த அறிமுகம் கசப்பானது.

1907ஆம் ஆண்டு பலப்பிட்டிப் பகுதியில் பிறந்த கொல்வின், இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் வரலாற்றுத் துறையில் கலாநிதிப் பட்டம் பெற்று நாடு திரும்பினார். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியபோது அதன் முதற் தலைவரானார்.

தோட்டத்தில் கூட்டம் கூடுவது அக்காலத்தில் எளிதான காரியமன்று. லயமும் அதன் முற்றமும் தோட்டத்துரையின் ஆளுகைக்குட்பட்டவை. வெளியிலிருந்து வரும் சங்கக்காரர் அத்துமீறி நுழைந்தவராகவே கருதப்பட்டார். இத்தகைய சூழலில்தான் 1940 ஜனவரியில், கண்டி ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்துத் தொழிலாளர் சம்பள உயர்வு கோரி வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஜனவரி 10ஆம் திகதி பொலிஸார் மேற்கொண்ட துப்பாக்கிப் பிரயோகத்தில் கோவிந்தன் உயிரிழந்தார். எழுந்த எதிர்ப்பின் காரணமாக அரசாங்கம் ஆணைக்குழு ஒன்றை நியமிக்க நேர்ந்தது. கோவிந்தனின் மனைவி சார்பில் தோன்றிய கொல்வின், தோட்ட நிர்வாகமும் பொலிஸாரும் கைகோத்துச் செயற்பட்ட விதத்தைக் குறுக்கு விசாரணைகளின் மூலம் அம்பலப்படுத்தினார். முல்லோயா விவகாரத்தை ஒட்டித் தேசாதிபதிக்கும் அமைச்சர்களுக்கும் இடையே மூண்ட பிணக்கு, அமைச்சர் சபையின் இராஜினாமா வரை சென்றது.

அதே ஆண்டு ஜூன் மாதத்தில் கொல்வின் கைது செய்யப்பட்டார். பிலிப் குணவர்தன, என். எம். பெரேரா, எட்மண்ட் சமரக்கொடி ஆகியோருடன் அவர் தடுத்து வைக்கப்பட்டதும் கண்டியிலேதான். 1942 ஏப்ரல் 7ஆம் திகதி இரவு, கொழும்பில் ஜப்பானியர் குண்டு வீசிய இரண்டு நாட்களின் பின், நால்வரும் போகம்பரைச் சிறையிலிருந்து தப்பினர். அவர்களின் கொள்கையால் கவரப்பட்ட சிறைக்காவலர் ஒருவரும் உடன் சென்றார். கொல்வின் பின்னர் இந்தியாவை அடைந்து தலைமறைவாக இயங்கினார்.

சுதந்திரத்தின் பின் 1948ஆம் ஆண்டு பிரஜாவுரிமைச் சட்டத்தையும் 1956ஆம் ஆண்டு தனிச்சிங்களச் சட்டத்தையும் பாராளுமன்றத்தில் உறுதியுடன் எதிர்த்தவர் அவர். அத்தகையவரே 1970இல் ஐக்கிய முன்னணி அரசாங்கத்தின் அமைச்சராகி, சோல்பரி அரசியலமைப்பில் சிறுபான்மையினருக்கிருந்த 29ஆம் பிரிவின் காப்பை நீக்கிய, பௌத்தத்துக்கு முதன்மை இடமளித்த அரசியலமைப்பை வரைந்தார். இதனைத் தமிழர் மன்னித்ததில்லை. மன்னிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

அந்த அரசியலமைப்பின் 18ஆம் பிரிவு அமைதியாக ஒன்றுகூடும் உரிமையைப் பிரஜைகளுக்கு வழங்கியது என்பது அதிகம் பேசப்படாத செய்தி. முல்லோயாவில் கிட்டாத உரிமை அது. ஆனால், 1971 மார்ச்சில் பிரகடனப்படுத்தப்பட்ட அவசரகால நிலை, அவ்வாண்டின் இளைஞர் கிளர்ச்சி அடக்கப்பட்ட பின்னரும் நீடித்து, 1977 வரை அகலவில்லை. உரிமை மீறப்பட்டால் நீதிமன்றம் சென்று பரிகாரம் தேடுவதற்கான தனி வழிமுறையும் அரசியலமைப்பில் இருக்கவில்லை. இத்தனை பெரிய சட்ட அறிஞருக்கு இக்குறை தெரியாதிருந்தது என்று நம்புவது கடினம். அரசாங்கம் தம் கையில் இருக்கும்வரை அதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை என்று இடதுசாரித் தலைவர்கள் எண்ணியிருக்கலாம்.

ஆனால், 1975 செப்டெம்பரில் சமசமாஜக் கட்சி அரசாங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டது. 1976 நவம்பர் 12ஆம் திகதி, மாணவர் எதிர்ப்பை அடக்கப் பேராதனை வளாகத்தினுள் நுழைந்த பொலிஸார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தனர். வீரசூரிய என்னும் மாணவர் கொல்லப்பட்டார். நாடெங்கும் மாணவர்கள் கிளர்ந்தெழுந்தனர்.  18ஆம் பிரிவு அப்போதும் நடைமுறையில்தான் இருந்தது.

1977 பொதுத்தேர்தலில் கொல்வின் உட்படச் சமசமாஜக் கட்சியினர் அனைவரும் தோல்வியுற்றனர். 1989 பெப்ரவரி 27ஆம் திகதி அவர் காலமானார்.