உத்திரமேரூர் கழனி மோட்டாரும், பூட்டுக்காரர் மகன் ஓமும்

உத்திரமேரூர் பக்கம் உங்களுக்குக் கழனி இருந்தால், இந்தக் காட்சி புதுசு இல்லை. கம்பத்திலிருந்து கிணறு வரைக்கும் நீளமா வயர் போகும். ஸ்விட்சைப் போட்டால் மோட்டார் உர்ர்ர்னு முனகும், தண்ணி மட்டும் சரியா வராது. அப்படியே நாலு நாள் ஓட்டினால் காயில் கருகிடும். கம்பத்துக்கிட்ட மீட்டர் வெச்சுப் பார்த்தால் வோல்டேஜ் சரியா இருக்கும். கிணத்துக்கிட்ட பார்த்தால் குறையும். நடுவுல திருடினது யாரு?

வயர்தான். அந்தத் திருட்டைக் கணக்கு போட்டுப் பிடித்தவர் ஒரு ஸ்கூல் வாத்தியார். பெயர், ஜார்ஜ் சைமன் ஓம். கோயிலில் சொல்கிற ஓம் இல்லைங்க, இவர் ஜெர்மன்காரர். பத்தாம் வகுப்பில் ஓம் விதி படிச்சு, பரீட்சை முடிந்ததும் மறந்திருப்பீங்க இல்லையா, அவரேதான்.

1789 மார்ச் 16 அன்று எர்லாங்கன் ஊரில் பிறந்தார். அப்பா பூட்டு செய்கிறவர். பள்ளிப்படிப்பு பெரிதாக இல்லாவிட்டாலும், தானே கணக்குப் படித்து, மகன்களுக்கும் சொல்லிக்கொடுத்த மனுஷன். அம்மா, தையற்காரர் வீட்டுப் பெண். ஓமுக்குப் பத்து வயதிருக்கும்போதே இறந்துவிட்டார்.

1805-ல் காலேஜ் சேர்ந்த பையன் என்ன செய்தார் தெரியுமா? டான்ஸ், பில்லியர்ட்ஸ், பனிச்சறுக்கு. ஒன்றரை வருஷத்தில் அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. படிப்பை நிறுத்தி, ஸ்விட்சர்லாந்தில் ஒரு பள்ளிக்கு வாத்தியார் வேலைக்கு அனுப்பிவிட்டார். அப்போது ஓமுக்கு 17 வயசு. பிறகு திருந்தி, 1811-ல் டாக்டர் பட்டமும் வாங்கினார். ஆனாலும் சரியான வேலை இல்லை. ஊர் ஊராக அலைந்து 1817-ல்தான் கொலோன் நகரப் பள்ளியில் நல்ல இடம் கிடைத்தது. அங்கே ஒரு லேப் இருந்தது. அதுதான் திருப்பம்.

வயர் நீளமாக நீளமாக மின்னோட்டம் எவ்வளவு குறையும்? இதுதான் அவர் கேள்வி. 1825-ல் கொஞ்சம் அவசரப்பட்டு ஒரு சூத்திரத்தை வெளியிட்டார். அது தப்பு! காரணம் கணக்கு இல்லை, பேட்டரி. அன்றைய பேட்டரிகள், அளந்துகொண்டிருக்கும்போதே டவுன் ஆகும். தராசே ஆடினால் எடை எப்படிச் சரியா வரும்?

பத்திரிகை ஆசிரியர் போகென்டார்ஃப் ஒரு யோசனை சொன்னார். பேட்டரியை விட்டுடுங்க, இரண்டு உலோகங்களைச் சேர்த்து, ஒரு முனையைச் சூடாகவும் மறுமுனையைக் குளிராகவும் வைத்தால் மின்சாரம் வருமே, அதைப் பயன்படுத்துங்கள் என்று. ஓம், பிஸ்மத்தையும் தாமிரத்தையும் இணைத்தார். ஒரு பக்கம் கொதிக்கிற தண்ணி, இன்னொரு பக்கம் ஐஸ். கொதிநீரின் சூடும் ஐஸின் குளிர்ச்சியும் மாறாது, அதனால் மின்சாரமும் ஆடாது. 2 அங்குலத்திலிருந்து 130 அங்குலம் வரை எட்டு தாமிர வயர்களை ஒவ்வொன்றாக மாட்டினார். மேலே தொங்கவிட்ட காந்த ஊசியைப் பார்த்து மின்னோட்டத்தை அளந்தார். எனக்கு இவரிடம் பிடித்ததே இதுதான். தன் தப்பைத் தானே மறுபடி அளந்து, 1826-ல் சரியான விடையை வெளியிட்டார்.

அந்த விடையை இப்போ உங்க கழனிக்குக் கொண்டு வாங்க. வோல்டேஜை ஆம்பியரால் வகுத்தால், தடை. அதன் அலகு ஓம். கம்பத்திலிருந்து கிணறு போய்த் திரும்புகிற வயரின் தடை 2 ஓம்னு வெச்சுக்குவோம். சிங்கிள் பேஸ் மோட்டார் 8 ஆம்பியர் இழுக்குது. இரண்டையும் பெருக்கினால் 16. வழியிலேயே 16 வோல்ட் காலி! கம்பத்தில் 230 இருந்தாலும் மோட்டாருக்கு 214தான். கம்பத்திலேயே குறைந்திருந்தால் இன்னும் மோசம். இனி, வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட்ஸ். 16-ஐ 8-ஆல் பெருக்குங்க, 128 வாட்ஸ். அவ்வளவும் வயரைச் சூடாக்குவதற்கே போகுது. தடிமனான வயர் போட்டால் தடை குறையும், இழப்பும் குறையும். (இந்த வாட்ஸ் கணக்கு ஓமுடையது இல்லை. வயர் எவ்வளவு சூடாகும் என்பதை 1840-களில் அளந்து சொன்னவர் இங்கிலாந்தின் ஜூல்.)

வீட்டு அயர்ன் பாக்ஸிலும் பாருங்க. 230 வோல்ட்டில் 1000 வாட்ஸ் என்றால் 4.35 ஆம்பியர், தடை சுமார் 53 ஓம். வோல்டேஜ் 180-க்கு இறங்கினால் 3.4 ஆம்பியர்தான் பாயும், பெருக்கினால் 612 வாட்ஸ். வோல்டேஜ் குறைந்தது 22 சதவிகிதம், சூடு குறைந்ததோ 39 சதவிகிதம். சட்டை ஏன் கசங்கியே இருக்குன்னு புரியுதா? மோட்டார் கதை இதற்கு நேரெதிர். வோல்டேஜ் குறைந்தால் அதே தண்ணியைத் தூக்க அதிக ஆம்பியர் இழுக்கும். ஆம்பியர் ஒன்றேகால் மடங்கானால் காயிலில் சூடு ஒன்றரை மடங்கைத் தாண்டிடும். கருகுவது அதனால்தான்.

சரி, ஓமுக்கு என்ன மரியாதை கிடைத்தது? 1827-ல் பெர்லினில் எல்லாவற்றையும் புத்தகமாக்கினார். அதற்காகப் பாதிச் சம்பளத்தில் லீவு போட்டிருந்தார். இதை வைத்துப் பல்கலைக்கழக வேலை கிடைக்கும் என்று நம்பினார். கிடைத்தது வசவு. இயற்கையைக் கணக்கில் அடைக்கிறான் என்று சிலருக்குக் கோபம். மனம் உடைந்து கொலோன் வேலையையும் விட்டார். சில வருஷங்கள் பெர்லினில் கிடைத்த பாடங்களை நடத்திப் பிழைத்தார். 1833-ல்தான் நியூரம்பெர்க்கில் நிலையான வேலை.

1841-ல் லண்டன் ராயல் சொசைட்டி, காப்ளி பதக்கம் கொடுத்தது. அப்போது அவருக்கு 52 வயசு. இளமையில் ஆசைப்பட்ட பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி மியூனிக்கில் கிடைத்தது 1852-ல், 63 வயதில். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டே வருஷம் அந்தப் பதவியில் இருந்தார். 1854 ஜூலை 6 அன்று இறந்துபோனார்.

1881-ல் பாரிஸில் கூடிய சர்வதேச மின்சார மாநாடு, தடையின் அலகுக்கு அவர் பெயரை ஏற்றது. காயில் கட்டுகிற கடைக்கு அடுத்த முறை போனால், அங்கே இருக்கிற மல்டிமீட்டரைக் கவனிங்க. குதிரை லாடம் மாதிரி ஒரு குறி இருக்கும், கிரேக்க எழுத்து ஒமேகா. மெக்கானிக் முள்ளை முதலில் அங்கேதான் திருப்புவார், காயில் உயிரோட இருக்கான்னு பார்க்க.