கம்பிக்கும் காவல் தந்த வள்ளல்



மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். சினிமா, கிரிக்கெட் பற்றி எழுத நம்மில் பலர் உண்டு. நான் தொண்டிக்காரன், அதிலும் சிவில் மாணவன். கட்டடத்துக்குள் மறைந்திருக்கும் கம்பியைப் பற்றி நாட்டுக்கு ஆராய்ச்சி நடக்க வழி செய்த நம்ம பக்கத்து மனிதர் ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். அவர்தான் வள்ளல் அழகப்பச் செட்டியார்.

1909 ஏப்ரல் 6-ல், காரைக்குடியை ஒட்டிய கோட்டையூரில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. முடித்தார். லண்டன் போய் பாரிஸ்டர் ஆனார். அங்கேயே விமானம் ஓட்டவும் கற்றார். திரும்பி வந்து தொழிலில் இறங்கினார். கேரளத்தில் திருச்சூர் அருகே அவர் நிறுவிய ஜவுளி ஆலையால் அந்த ஊருக்கே அழகப்பநகர் என்று பெயர் வந்தது.

சம்பாதித்ததைப் பூட்டி வைக்கவில்லை. கிண்டியில் இன்றும் ஏ.சி.டெக் என்று நாம் சொல்லும் தொழில்நுட்பக் கல்லூரி 1944-ல் அவர் கொடையால் எழுந்தது. 1947-ல் காரைக்குடியில் கலைக் கல்லூரி தொடங்கினார்.

அடுத்தது பெரிய காரியம். மத்திய அரசு மின்வேதியியலுக்கு ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைக்கத் திட்டமிட்டது. பெரிய நகரங்கள் போட்டியிடும் இடத்தில், வறண்ட செட்டிநாட்டுக்கு அதைக் கொண்டுவந்தார். 300 ஏக்கர் நிலம், ரொக்கம் 15 லட்சம் ரூபாய் கொடுத்தார். 1948 ஜூலை 25-ல் பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கல் நாளில், டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். அதுதான் நாம் சிக்ரி என்று கூப்பிடும் நிலையம்.

அதுக்கும் கம்பிக்கும் என்ன சம்பந்தம்? துரு பிடிப்பதே ஒரு மின்வேதி வினைதானே! நல்ல கான்கிரீட்டுக்குள் காரத்தன்மை அதிகம். அதனால் கம்பி மேல் மெல்லிய காப்புப் படலம் இருக்கும். கடல் உப்பின் குளோரைடு உள்ளே இறங்கினால் அந்தப் படலம் உடையும். பிறகு கம்பியே ஒரு பேட்டரி மாதிரி ஆகிவிடும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கான்கிரீட் வெடித்துப் பெயரும்.

வெடிக்கும் முன்பே கண்டுபிடிக்க முடியும். மீட்டரின் ஒரு முனையைக் கம்பியோடு இணைக்க வேண்டும். மறுமுனையில் தாமிரம்–மயில்துத்தக் கரைசல் மின்முனை. ஈரமாக்கிய கான்கிரீட் மேல் அதைக் கட்டம் கட்டமாக வைத்து அளக்க வேண்டும். மைனஸ் 350 மில்லிவோல்ட்டைத் தாண்டிக் கீழே போனால், அந்த இடத்தில் அரிப்பு நடக்க 90 சதவீதத்துக்கும் மேல் வாய்ப்பு. மைனஸ் 200-க்கு மேலே இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. நடுவில் வந்தால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒன்றை மறக்கக்கூடாது: இது வாய்ப்பைத்தான் சொல்லும், எவ்வளவு வேகமாக அரிக்கிறது என்று சொல்லாது.

இந்தத் துறையில் சிக்ரியின் பணி பெரிது. கம்பிக்குப் பூசும் காப்புப் பூச்சுகளை அங்கே உருவாக்கினார்கள். உப்புக்காற்று வீசும் மண்டபத்தில் உலோகங்களை வெயிலிலும் காற்றிலும் வைத்துச் சோதித்தார்கள். மண்டபம் நம்ம கடற்கரைதானே!

வள்ளல் இதையெல்லாம் நெடுநாள் பார்க்கவில்லை. தாம் குடியிருந்த வீட்டையே பெண்கள் கல்லூரிக்குத் தந்துவிட்டு, நோயோடு போராடியபடியே உழைத்தார். 1956-ல் பத்மபூஷண் பெற்றார். 1957 ஏப்ரல் 5-ல் மறைந்தார். அடுத்த நாள் அவருக்கு 48 வயது நிறைந்திருக்கும்.

நண்பர்களே, தொண்டிப் பக்கம் பழைய வீடுகளில் சீலிங் பெயர்ந்து, கம்பி செக்கச்செவேல்னு தெரிவதைப் பார்க்கலாம். அதுக்குக் கீழேதான் பாய் விரித்திருக்கும், குழந்தைக்குத் தொட்டில் கட்டியிருக்கும். நாளைக்கு சைட்டில் நிற்கப் போவது நாம்தான். உப்புத்தண்ணியில் கலவை போடச் சொன்னால் தடுப்போம். கடலோரத்துக்கு 45 மில்லிமீட்டர் கவர் என்று ஐ.எஸ். 456 சொன்னால், கவர் பிளாக் வைத்து அளந்து பார்த்த பிறகே கான்கிரீட் போடவிடுவோம். 300 ஏக்கர் கொடுக்க நம்மால் முடியாது. அந்த 45 மில்லிமீட்டரைக் கொடுக்க நிச்சயம் முடியும்!