சென்னைத் துறைமுகத்தின் சிற்பி

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் உலகச் சந்தையை அடையச் சென்னைத் துறைமுகம் ஒரு முக்கிய வாயில். ஆனால் இயற்கை சென்னைக்குத் துறைமுகம் வழங்கவில்லை. மசூலாப் படகுகளே அலைகளைக் கடந்து சரக்கைக் கப்பலில் சேர்த்தன. செயற்கைத் துறைமுகம் எழுப்புகையில், 1881ஆம் ஆண்டுப் புயல் அலைத்தடுப்புச் சுவர்களைச் சிதைத்தது. பின்னரும் கிழக்கு வாயிலில் அலையும் மணலும் அல்லல் தந்தன.

இந்நிலையில், இரயில்வேப் பணியில் தேர்ந்த அயர்லாந்துப் பொறியாளர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் (1849-1933), 1904இல் துறைமுகக் கழகத் தலைவரானார். கிழக்கு வாயிலை அடைத்தார். வடகிழக்கில் புதுவாயில் கண்டார். கப்பல் அணையும் மேடைகளும் கிடங்குகளும் பெருகின. 1912இல் அங்கே எழுத்தராய்ச் சேர்ந்த கணித மேதை இராமானுஜனுக்கும் துணை நின்றார். 1919இல் ஓய்வு பெற்றார்.

தோல் பதனிடும் நம் தொழிலாளர்தம் வியர்வை கடல் கடந்து பொன்னானது. அதற்கு வழி திறந்தோருள் இவர் முதல்வர் எனில் மிகையன்று.