ஜான் ஆலன்: சிற்றுருப் புகைவண்டிப் பாதை சமைத்த செம்மல்

பொம்மை ரயில் என்றவுடன் அது சிறுவர் விளையாட்டன்றோ என்று நகைப்பாருமுளர். அன்னார் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வாழ்ந்த ஜான் ஆலன் என்பாரது சரிதத்தை அறிவராயின், தம் கருத்தைச் சற்றே மாற்றிக்கொள்ளவுங் கூடும்.

இவர் 1913-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 2-ஆம் நாள் மிஸௌரி மாகாணத்து ஜாப்ளின் நகரிற் பிறந்தார். நிழற்படம் எடுத்தலைத் தொழிலாகக் கொண்டு பொருளீட்டிப் பின்னர்க் கலிபோர்னியாவின் கடற்கரை நகராகிய மாண்டரேயிற் குடிபுகுந்தார். அங்கே தம் இல்லத்தில் அவர் சமைத்த சிற்றுருப் புகைவண்டிப் பாதைக்குக் கோரி அண்டு டிஃபீட்டட் என்று பெயரிட்டார். எழுத்தில் அவை இரண்டு ஊர்ப்பெயர்கள். வாய்விட்டுச் சொல்லுங்கால் ஆங்கிலத்தில் குருதி படிந்து தோற்றது என்னும் பொருள் தொனிக்கும். வேடிக்கையில் அவருக்கு அத்துணை விருப்பம்.

அப்பாதையில் யாவும் மெய்ப்பொருளில் 87-ல் ஒரு பங்கு அளவின. ஏழடி உயரமுள்ள ஸ்டேஷன் கதவு அங்கு ஏறக்குறைய ஓரங்குலமே. அவ்வோரங்குலத்திற் கைப்பிடியுந் தோன்றவேண்டும். கடையில் விற்கும் ஆயத்த உறுப்புகளோடு அமையாது, கட்டிடங்களை அடிமுதல் தாமே இழைத்துக் கட்டுவதில் ஆலன் வல்லவர். ஓர் இன்ஜின் மட்டும் நிற்கத்தக்க அவரது சிறு கொட்டகையைப் பிற்காலத்தார் பலர் பார்த்துப் பார்த்துத் தாமும் கட்டினர்.

இக்காலத்தில் இத்தகைய ஸ்டேஷன்களைக் கட்டுவோர் பலரும் ஸ்டைரீன் என்னும் வெண்ணிறப் பிளாஸ்டிக் தகட்டைக் கையாளுகின்றனர். கத்தியால் ஒரு கோடு கீறி வளைத்தால் அக்கோட்டின் வழியே அது நேரே ஒடியும். அதற்குரிய திராவகத்தைத் தூரிகையால் தொட்டுவைக்க, இரு விளிம்புகளும் இளகி ஒன்றாய்ப் பற்றிக்கொள்ளும். வேலை எளிதே. ஆனால் முடிந்த கட்டிடம் நேற்றுக் கட்டியதுபோற் பளபளக்கும், அதுவே இடர்ப்பாடு. மெய்யான ஸ்டேஷனோ கரிப்புகையும் மழையும் பல்லாண்டு பட்டுக் கறுத்து நிற்பது. ஆலன் அதனை நன்குணர்ந்தவர். மற்றையோர் தம் வண்டிகளைப் புதுமெருகோடு போற்றிவந்த காலத்தில், அவர் துருவையும் புழுதியையும் வெளுத்த சாயத்தையும் தாமே தீட்டினார். அரும்பாடுபட்டுச் செய்த பொருளைத் தம் கையாலேயே அழுக்காக்குதற்கு நெஞ்சுறுதி வேண்டுமன்றோ? ஸ்டைரீனில் வேலை செய்வோர் இன்றும் கைக்கொள்ளும் முறை அது.

நிற்க. அவர் அமைத்த மலைகள் தரையினின்று கூரைவரை எழுந்தன. தொலைவில் தோன்றவேண்டிய பொருள்களைச் சிறியனவாக்கியும், ஆங்காங்கே கண்ணாடிகளை மறைத்துவைத்தும் சிறிய இடத்தைப் பெருவெளியாகக் காட்டினார். வண்டிகளை வெறிதே சுற்றவிடாது, நண்பர்களை வரவழைத்து மெய்யான ரயில்வேயைப் போலவே நடத்தினார். பெட்டிகளைத் தள்ளிச் சேர்க்கும் பணிக்கு எம்மா என்னும் பூர்வகாலப் பல்லி விலங்கொன்றும் அவரிடம் இருந்தது.

1973-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் அவர் மாரடைப்பால் இறந்தார். பத்து நாட்கள் சென்றபின் அவ்வில்லத்தில் நெருப்புப் பற்றிற்று. பாதையும், அதன் ஒரு மூலையில் இணைத்து வைத்திருந்த அவரது முதற்பாதையும் அழிந்தன. அவர் நிழற்படக்காரராயிருந்தது நம் நற்பேறே. தாம் கட்டிய ஊர்களைத் தாமே ஒளியமைத்துப் பற்பல படங்கள் எடுத்து வைத்திருந்தார். 1981-ல் லின் வெஸ்ட்காட் என்பார் எழுதிய ஆலனைப் பற்றிய நூல் வெளிவந்தது. எரிந்துபோன அவ்வூர்களை அப்படங்களில் இன்றுங் காணலாம்.