தோகாவில் நின்ற துணிவு

தென்பெண்ணைக் கரையிலே திருக்கோவிலூர். ஆலைப் பருவம் வந்துவிட்டால் அந்தப் பக்கத்துச் சாலைகளிலே கரும்பை மலையாக ஏற்றிக்கொண்டு டிராக்டர்கள் ஊர்ந்து செல்லும். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கும் பெரியசெவலை ஆலைக்கும் போகும் கரும்பு அது. வெட்டுக்கூலி கொடுத்தாயிற்று, வண்டிவாடகை கொடுத்தாயிற்று, இனிப் பணம் என்றைக்குக் கைக்கு வரும் என்று கணக்குப் போட்டபடி நிற்கிறான் உழவன். குறைந்தபட்ச விலையை நிர்ணயிப்பது டில்லி. பணம் தர வேண்டியது ஆலை. பதினான்கு நாளில் தந்தாக வேண்டும் என்பது சட்டம். அந்தப் பதினான்கு நாள் மாதங்களாக நீண்டு, நிலுவை கேட்டு ஆலை வாயிலில் உட்கார்ந்த அனுபவம் தமிழ்நாட்டுக் கரும்பு உழவனுக்குப் புதிதன்று.

அப்படிப்பட்ட உழவன்மீது ஒரு தீர்ப்பு எழுதப்பட்டது. 2021 டிசம்பர் 14ஆம் நாள், ஜெனீவா நகரிலே, உலக வர்த்தக அமைப்பின் நடுவர் குழு எழுதிய தீர்ப்பு. வழக்குத் தொடுத்தவை பிரேசிலும், ஆஸ்திரேலியாவும், குவாத்தமாலாவும். 2014-15 முதல் 2018-19 வரை ஐந்து பருவங்களில் இந்தியா தன் கரும்பு உழவர்களுக்குக் கொடுத்த ஆதரவு, விளைச்சல் மதிப்பில் 10 விழுக்காடு என்ற வரம்பை மீறிவிட்டதாம். பணம் தருவது ஆலைதானே, அரசின் கருவூலம் அல்லவே என்று இந்தியா வாதாடிப் பார்த்தது. விலையை நிர்ணயித்தது அரசல்லவா, அது போதும் என்று முடித்துவிட்டது நடுவர் குழு.

கைக்கு வராத பணத்துக்கும் மானியம் என்று பெயர்! இந்த விந்தை எங்கிருந்து வந்தது? யார் எழுதிய விதி இது? இந்தக் கேள்விகள் எழும்போதெல்லாம் நம் நெஞ்சில் நிழலாடுகிறார், 2003இல் நம்மைவிட்டு மறைந்த முரசொலி மாறன்.

தஞ்சைத் தரணியின் திருக்குவளையில் 1934 ஆகஸ்ட் 17ஆம் நாள் பிறந்தவர் அவர். பெற்றோர் இட்ட பெயர் தியாகராச சுந்தரம். கலைஞரின் தமக்கை மகன். பச்சையப்பன் கல்லூரியில் படித்தார், எழுதுகோல் எடுத்தார், திரைப்படங்களுக்குக் கதை எழுதினார், படங்களும் எடுத்தார், முரசொலி ஏட்டின் ஆசிரியர் நாற்காலியில் அமர்ந்தார். 1967இல் அண்ணா முதலமைச்சரானபோது அவர் விட்டுச்சென்ற தென்சென்னை நாடாளுமன்றத் தொகுதிக்கு இடைத்தேர்தல் வந்தது. அதிலே வென்று டில்லிக்குப் போனவர் மாறன். அண்ணன் அமர்ந்த இடத்தில் அமர்வது சாதாரணப் பொறுப்பா? சுமந்தார். நெருக்கடி நிலை வந்தபோது 1976இல் சிறைக்கும் போனார்.

எழுபதுகளில் அவர் எழுதிய நூல் மாநில சுயாட்சி. அதிகாரம் எங்கே குவிந்திருக்கிறது, எங்கே இருக்க வேண்டும் என்பதை அரசியல் சட்டத்தைப் பிரித்துவைத்து ஆராய்ந்த நூல். பிற்காலத்தில் அவர் ஜெனீவாவின் விதிப்புத்தகத்தைப் படித்த கண், இந்த ஆராய்ச்சியிலே கூர்தீட்டப்பட்ட கண் என்றே நாம் கருதுகிறோம். ஒன்றைப் பாருங்கள், தோழர்களே! அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலை எடுங்கள். 14ஆவது இனம், வேளாண்மை. ஒன்றியப் பட்டியலை எடுங்கள். அங்கும் 14ஆவது இனம், வெளிநாடுகளோடு ஒப்பந்தம் செய்யும் அதிகாரம். இரண்டும் பதினான்குதான்! ஆனால் ஒரு பதினான்கு மற்றொரு பதினான்கை விழுங்கிவிட்டது. 1994 ஏப்ரல் 15ஆம் நாள் மொராக்கோ நாட்டின் மராக்கேஷ் நகரில் கையெழுத்தானது உலக வர்த்தக ஒப்பந்தம். உழவு மாநிலத்தின் பொருள். உழவின் தலையெழுத்தை எழுதும் ஒப்பந்தமோ டில்லியின் பொருள். திருக்கோவிலூர் உழவனை யார் கேட்டார்கள்?

அந்த ஒப்பந்தத்திலே என்னதான் இருக்கிறது? வக்கீல் மொழியை விலக்கிவிட்டு நாட்டுப்புறத்து வழக்கிலே சொல்கிறோம். ஓர் ஏரி, பல ஊர்கள் பாசனம். பணக்கார ஊர் பத்து மதகு வைத்துத் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தது. ஏழை ஊருக்கு மதகே இல்லை. பஞ்சாயத்து கூடிற்று. எல்லோரும் சமம், எல்லோரும் குறைத்துக்கொள்வோம் என்றார்கள். பத்து வைத்திருந்தவன் இரண்டை அடைத்துவிட்டு எட்டை வைத்துக்கொள்ளலாம்; இல்லாதவனுக்கு இனிமேலும் மதகு இல்லை, வாய்க்கால் ஓரத்தில் கொஞ்சம் இறைத்துக்கொள்ளலாம். இதுதான் தீர்ப்பு!

கதையல்ல இது. 1986 முதல் 1988 வரை யார் எவ்வளவு ஆதரவு கொடுத்தார்களோ அதுவே அளவுகோல் ஆனது. கொட்டிக் கொடுத்த செல்வ நாடுகள் ஆறாண்டில் 20 விழுக்காடு குறைத்தால் போதும். அமெரிக்காவுக்கு அந்தக் கணக்கில் ஆண்டுக்கு 1,910 கோடி டாலர் வரை கொடுக்கும் உரிமை நிலைத்தது. இந்தியாவுக்கோ அந்தக் கணக்கில் சுழியம். விளைச்சல் மதிப்பில் 10 விழுக்காடு என்ற சிறுவரம்பும், ஏழை உழவருக்கான இடுபொருள் சலுகையும் மட்டுமே நமக்கு. அதோடு விட்டார்களா? இன்றைய கொள்முதல் விலையை 1986-88ஆம் ஆண்டுகளின் உலக விலையோடு ஒப்பிட்டுத்தான் மானியத்தைக் கணக்கிட வேண்டுமாம்! உரம் ஏறலாம், கூலி ஏறலாம், டீசல் ஏறலாம். ஒப்பிடும் விலை மட்டும் ஏறக்கூடாது.

தமக்கு வேண்டியபோது விதியை வளைத்தவர்கள்தாம் இவர்கள். 1947இல் பிறந்த காட் ஒப்பந்தத்திலிருந்து தன் வேளாண்மைக்கு 1955இலேயே விலக்கு வாங்கிக்கொண்ட நாடு அமெரிக்கா. 2001ஆம் ஆண்டுக் கணக்குப்படி செல்வ நாடுகள் வேளாண்மைக்குக் கொடுத்த ஆதரவு, சுங்கச் சுவரால் ஏற்றிவைத்த விலையையும் சேர்த்து, 30,000 கோடி டாலருக்கு மேல். அந்த ஊட்டத்தில் விளைந்த தானியத்தோடும் பருத்தியோடும் பால்பொடியோடும் நம் உழவன் போட்டியிட வேண்டும் என்றார்கள்.

இந்த நேரத்தில்தான், 1999 அக்டோபரில், மாறன் ஒன்றிய வாணிப, தொழில் அமைச்சரானார். பதவி மலர்ப்படுக்கையாக அமையவில்லை. நெல்லுக்கும் அரிசிக்கும், சோளத்துக்கும் மக்காச்சோளத்துக்கும், பால்பொடிக்கும் சுங்கமே போடுவதில்லை என்று பழைய காட் காலத்தில் கொடுத்த வாக்கு கழுத்தை இறுக்கிக்கொண்டிருந்தது. அதை மாற்ற முன்பே தொடங்கியிருந்த பேச்சு, அவர் பொறுப்பேற்ற இரண்டே மாதத்தில், 1999 டிசம்பரில் நிறைவேறியது. அரிசிக்கு 70 முதல் 80 விழுக்காடு வரை சுங்கம் விதிக்கும் உரிமை கிடைத்தது. அந்தக் கதவு திறந்தே கிடந்திருந்தால் பெண்ணையாற்று நெல்லின் கதி என்ன? எண்ணிப் பாருங்கள்.

ஆனால் புகழ் பாடுவதற்காக மெய்யை மறைக்க மாட்டோம். இறக்குமதிக்கு இந்தியா வைத்திருந்த அளவுக் கட்டுப்பாடுகளை எதிர்த்து அமெரிக்கா தொடுத்த வழக்கு 1999இல் இந்தியாவுக்குப் பாதகமாக முடிந்தது. கட்டுப்பாட்டின் கடைசித் தொகுதியை 2001 ஏப்ரல் 1ஆம் நாள் நீக்கியது மாறனின் அமைச்சகந்தான். அந்நாளில் உழவர்கள் அஞ்சினார்கள், கசந்தார்கள். பாமாயில் வந்து குவிந்தால் மல்லாட்டைக்கு விலை ஏது என்று நம் பக்கத்துச் செம்மண் காட்டு உழவர் கேட்டது நியாயமான கேள்வி. தோற்ற வழக்கின் சுமை அவர் தோளில் விழுந்தது. அவர் செய்தது, இருக்கிற வேலியைப் பலப்படுத்தியது: 300 பொருள்களின் இறக்குமதியை இடைவிடாது கண்காணிக்க ஏற்பாடு செய்தார், வரம்புக்குள் சுங்கத்தை உயர்த்திக்கொள்ளலாம் என்ற வழியைக் காட்டினார். அது போதுமானதாக இருந்ததா? எல்லா உழவருக்கும் போதவில்லை என்பதை ஒப்புக்கொள்வதே நேர்மை. விதி எழுதப்படும்போது தடுக்காவிட்டால், எழுதிய பிறகு அமைச்சரே ஆனாலும் அதற்குக் கட்டுப்பட வேண்டியதுதான். அந்தப் பாடத்தை நெஞ்சிலே சுமந்துகொண்டுதான் மாறன் தோகாவுக்குப் போனார்.

2001 நவம்பர் 9ஆம் நாள், கத்தார் நாட்டின் தோகா நகரிலே 142 நாடுகளின் மாநாடு. இரண்டாண்டுக்கு முன் சியாட்டில் மாநாடு குலைந்துபோயிருந்தது. நியூயார்க் கோபுரங்கள் தகர்க்கப்பட்டு இரண்டு மாதங்கூட ஆகவில்லை. இப்போது உலகம் ஒற்றுமை காட்டியாக வேண்டும், முரண்டு பிடிப்பவன் உலகுக்கே பகைவன் என்ற பேச்சு எங்கும் இருந்தது. புதிதாக நான்கு பொருள்களை ஒப்பந்தத்துக்குள் நுழைக்க ஐரோப்பிய நாடுகள் முனைந்தன: அயல்நாட்டு முதலீடு, போட்டிக் கொள்கை, அரசுக் கொள்முதல், சுங்க நடைமுறை. பழைய ஒப்பந்தத்தில் தருவதாகச் சொன்னதையே தரவில்லையே, அதை முதலில் தாருங்கள், புதியது எதற்கு என்பது மாறனின் நிலை. அரசு யாரிடம் எதை வாங்கலாம் என்பதையும் அந்நியன் முடிவு செய்வான் என்றால் நாட்டு மக்களின் வாக்குக்கு என்ன மதிப்பு?

திருக்கோவிலூருக்கு ஒரு பழங்கதை உண்டு. மழை கொட்டும் இரவில், ஓர் இடைகழியில், ஆழ்வார்கள் மூவர் ஒதுங்கினார்களாம். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்று ஒருவருக்கொருவர் இடம் விட்டார்களாம். நம்புவோர் நம்பட்டும், நம்பாதார் விடட்டும்; கதையின் கருத்து நல்ல கருத்து. உலக வர்த்தக அமைப்பிலும் ஓர் இடைகழி உண்டு. பச்சை அறை என்று அதற்குப் பெயர். அழைக்கப்பட்ட சில நாடுகள் அங்கே கூடிப் பேசி முடிப்பார்கள். மற்ற நாடுகள் வெளியே நிற்க வேண்டும். இடம் விடுவதற்காக அல்ல, இடம் மறுப்பதற்காக ஏற்பட்ட இடைகழி அது!

மாநாட்டின் தொடக்கத்தில் மாறனோடு பல ஏழை நாடுகள் நின்றன. நாள் செல்லச் செல்ல ஒருவருக்கு ஒரு சலுகை, மற்றொருவருக்கு ஒரு விலக்கு என்று கொடுத்து ஒவ்வொருவராகக் கரையேற்றினார்கள். நவம்பர் 13ஆம் நாள் முடிய வேண்டிய மாநாடு முடியவில்லை. மேலும் ஒரு நாள் நீண்டது. ஏறக்குறையத் தனியாக நின்றார் திருக்குவளைக்காரர். அவர் கையில் இருந்த ஆயுதம் ஒன்றே ஒன்று: எல்லோரும் ஒப்பினால்தான் முடிவு என்ற அந்த அமைப்பின் விதி. வலியவர்கள் எழுதிய புத்தகத்தில் எளியவனுக்குப் பயன்படும் பக்கத்தைத் தேடிக் கண்டவர் அவர்.

விளைவு? மாநாட்டுத் தலைவரான கத்தார் அமைச்சர் ஒரு விளக்கம் தர நேர்ந்தது. ஒவ்வொரு நாடும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டாலன்றி அந்த நான்கு பொருள்களில் பேச்சுவார்த்தை தொடங்காது. அதன் பிறகே இந்தியா இசைந்தது. ஏற்றுமதி மானியங்களை ஒழிக்கும் திசையில் செல்வது, உள்நாட்டு மானியங்களைப் பெருமளவு குறைப்பது, ஏழை நாடுகளின் உணவுப் பாதுகாப்பையும் ஊரக முன்னேற்றத்தையும் கணக்கில் கொள்வது என்ற வாசகங்கள் தோகா அறிக்கையில் ஏறின. பொதுநலத்தைக் காக்க மருந்துக் காப்புரிமை தடையாகக் கூடாது என்ற தனி அறிக்கையும் அதே மாநாட்டில் பிறந்தது.

ஒரு தலைவரின் வாய்மொழி விளக்கம் சட்டமாகுமா என்று ஏளனம் செய்தவர்கள் உண்டு. காலம் விடை சொன்னது. 2003 செப்டம்பரில் மெக்சிகோவின் கான்குன் மாநாட்டில் அந்த நான்கு பொருள்களை மீண்டும் திணிக்க முயன்றபோது ஏழை நாடுகள் ஒப்பவில்லை; மாநாடு முறிந்தது. 2004 ஆகஸ்டில் நான்கில் மூன்று கைவிடப்பட்டன. சுங்க நடைமுறை மட்டும் 2013இல் தனி ஒப்பந்தமாயிற்று. ஆனால் அந்த வெற்றியைக் காண மாறன் இல்லை. நோயோடு நெடுநாள் போராடி, இலாகா இல்லாத அமைச்சராகவே, 2003 நவம்பர் 23ஆம் நாள் சென்னையில் கண்மூடினார்.

அவர் விட்ட இடத்தில் போர் முடிந்ததா? இல்லை. ஏற்றுமதி மானியத்தை ஒழிக்க 2015இல் நைரோபியில்தான் முடிவெடுத்தார்கள். உள்நாட்டு மானியத்தைக் குறைக்கும் வாக்குறுதி ஏட்டிலேயே கிடக்கிறது. ரேஷன் கடைக்கு அரிசி வாங்கிச் சேமிப்பதே குற்றமாகும் நிலையில், 2013இல் பாலி மாநாட்டிலும் அடுத்த ஆண்டு ஜெனீவாவிலும் ஒரு தற்காலிகக் காப்பு கிடைத்தது. 2018-19இல் நெல்லுக்கான ஆதரவு வரம்பைத் தாண்டியபோது அந்தக் காப்பின் நிழலில் முதன்முதலாக ஒதுங்கிய நாடு இந்தியா. கரும்புக்கோ அந்த நிழலும் இல்லை. 2022 ஜனவரியில் இந்தியா மேல்முறையீடு செய்தது. புதிய நடுவர் நியமனத்தை அமெரிக்கா தடுத்ததால் 2019 டிசம்பர் முதலே மேல்முறையீட்டு மன்றம் செயலற்றுக் கிடக்கிறது. அடைபட்ட கதவுக்கு முன்னால் தொங்குகிறது நம் கரும்பின் வழக்கு.

தோழர்களே! மாறனுடைய படத்துக்கு மாலை போடுவது எளிது. அவர் செய்ததைச் செய்வது கடினம். அவர் படித்தார், ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியையும் படித்தார், படித்ததனால்தான் எங்கே மறுக்கலாம், எங்கே மறுத்தால் நிற்கும் என்று அறிந்தார். கரும்பு விலைக்காக ஆலை வாயிலில் நிற்கும் உழவனும், அவனுக்குத் துணைநிற்கும் ஆலைத் தொழிலாளியும், கிளைக்கழகத்துத் தோழரும் அதைத்தான் செய்ய வேண்டும். அடுத்த ஒப்பந்தத்துக்கு டில்லி புறப்படும்போது, மாநிலத்தைக் கேட்டாயா, உழவனைக் கேட்டாயா என்று கேட்க வேண்டும். கையெழுத்தான பிறகு கேட்டுப் பயனில்லை. அந்தக் கசப்பை 2001 ஏப்ரலில் மாறனே சுவைத்தார்.

திருக்கோவிலூர் இடைகழியில் மூவருக்கு இடம் கிடைத்தது, ஒருவர் மற்றவருக்காக எழுந்து நின்றதனால். உலகத்து இடைகழியில் உழவனுக்கு யாரும் எழுந்து இடம் தர மாட்டார்கள். அங்கே நின்றுதான் இடம் பிடிக்க வேண்டும். ஒருமுறை நம்மவர் ஒருவர் நின்றார். இனி நிற்க வேண்டியவர்கள் நாம்.